கல் எண் 43

ஜூன் 10, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து நாலு பேர் வந்து இறங்கினார்கள். வரப்போவதாக இயக்குநரகத்துக் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அருங்காட்சியகமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கற்றல் செயலி செய்யப்போகின்றனவாம். நம் நடுகற்கள் டேப் திரையில் வரும். பிள்ளைகள் விரலால் வெளிச்சத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தி, கல்லில் உள்ள எழுத்தைத் தாங்களே படிப்பார்கள். கல் இங்கே இருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், யாரும் யாரையும் பார்க்கவேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு.

தலைவர் கதிர்வேந்தன், கணினித் துறைப் பேராசிரியர். வயது நாற்பத்தைந்துக்குள்தான். என் அறைக்குள் வந்ததும் என்னைப் பார்ப்பதற்கு முன் என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பிளக்கைப் பார்த்தார். கற்களை 'உள்ளடக்கம்' என்கிறார். ஆயிரத்து இருநூறு வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்ற கல்லுக்கு இப்படி ஒரு பெயர்.

வெள்ளிக்கிழமை விடுமுறை, ஃபிளாஷ் கூடாது, கல்லைத் தொடக்கூடாது, செருப்போடு மேடையில் ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். தமிழ்த் துறையிலிருந்து வந்த நஸ்ரின் என்ற பெண் மட்டும் அதை எழுதிக்கொண்டாள். கல்வெட்டில் ஆய்வு செய்கிறாளாம்.

அவர்களுக்கு டீ வாங்கித் தர நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 13, வியாழன்

வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. மெக்கானிக் 'இதோ வரேன்' என்று சொல்லி இரண்டு நாள் ஆகிறது.

ஜூன் 19, புதன்

பன்னிரண்டு கற்கள் கேட்டிருந்தார்கள். பதினொன்றைக் காட்டினேன். ஏழாம் அறையில் இருக்கும் கல் எண் 43-ன் அடிப்பீடம் ஆடுகிறது. முனிரத்தினத்திடம் சொல்லிக் கயிறு கட்டி, 'பராமரிப்புப் பணி' என்று பலகை மாட்டச் செய்தேன். முனிரத்தினம் இங்கே இருபத்தெட்டு வருஷமாகக் காட்சிக்கூடப் பணியாளர். கயிற்றைக் கட்டிவிட்டுப் பீடத்தைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. என்னைப் பார்த்தார்.

ஆடாத பீடமும் ஒருநாள் ஆடும். முன்னெச்சரிக்கை என்பது அதுதான்.

ஜூன் 27, வியாழன்

அந்தக் கதிர்வேந்தன் என்னைப் பற்றி மேலே எழுதிவிட்டார். இயக்குநரகத்திலிருந்து காலை பத்தரைக்குப் போன். நான் ஒத்துழைப்பதில்லையாம். முப்பத்து மூன்று வருஷ சேவையில் இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. பிப்ரவரியில் ஓய்வு பெறப்போகிறேன், இப்போது கேட்கவேண்டியிருக்கிறது.

கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். கல்லைச் சுற்றி விளக்கை ஒவ்வொரு கோணத்தில் வைத்து நாற்பத்தெட்டுப் படம் எடுத்தார்கள். ஒரே இடத்தில் கேமரா, விளக்கு மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மொத்தம் மூன்று மணி நேரம். நான் நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அரசுச் சொத்தை யாரோ நோண்டும்போது பொறுப்பாளர் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும்.

கல் 43 சாத்தன் என்ற வீரனின் நடுகல். பகைவர் ஓட்டிக்கொண்டு போன தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டு உயிர்விட்டவன். 'தொறு மீட்டுப் பட்டான்' என்பது வாசகம். 97-ல் ஏரிக்கரையில் கண்டுபிடித்து, 98-ல் படித்து வெளியிட்டவள் நான். மாவட்டக் கையேட்டில் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது.

ஜூலை 3, புதன்

இப்போது கோப்புகளும் வேண்டுமாம். ஒவ்வொரு கல்லின் கோப்பையும் ஸ்கேன் செய்து செயலியில் சேர்ப்பார்களாம். 'ஆய்வாளர் எப்படி முடிவுக்கு வந்தார் என்பதை மாணவர் அறிய'. பிள்ளைகள் எதையெல்லாம் அறியவேண்டும் என்று இவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

43-ன் கோப்பைப் புரட்டினேன். தேவையில்லாத தாள்கள் நிறைய. சிலவற்றை எடுத்துப் பையில் வைத்தேன். மற்றதைக் கொடுத்துவிட்டேன்.

முனிரத்தினம் பதிவேட்டில் எழுதுவதற்காகப் பக்கங்களை எண்ணினார். "முப்பதுக்கு அப்புறம் முப்பத்தஞ்சு வருது மேடம்" என்றார். பழைய கோப்பு, அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் 'பக்கம் 31 முதல் 34 இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து அவருக்கு. எரிச்சலாக இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

நஸ்ரின் மடிக்கணினியோடு தனியாக வந்தாள். 43-ஐத் திறந்து காட்டினாள். வெளிச்சத்தை இடப்பக்கம் கீழே இழுத்ததும் கல் முழுவதும் நிழல் எழுந்து நின்றது.

"மேடம், இந்த எழுத்துக்கு முன்னாடி ஒரு கொம்பு தெரியுது. 'மீட்டு'ன்னா முன்னாடி கொம்பு வராதே. மத்த எழுத்து தேஞ்சிருக்கு, இது 'கொண்டு'ன்னு இருக்குமோன்னு..."

தொறு கொண்டு. அப்படியானால் சாத்தன் மந்தையை மீட்டவன் இல்லை, அடுத்தவர் மந்தையை ஓட்டிக்கொண்டு போனவன். ஒரு கொம்பு அவனைக் காவலனிலிருந்து கொள்ளைக்காரனாக்கிவிடும்.

அது கல் பொரிந்து உதிர்ந்த இடம், எழுத்தல்ல என்றேன். எத்தனை கல்லைக் களத்தில் பார்த்திருக்கிறாய் என்று கேட்டேன். பதினேழு என்றாள். நான் அறுநூற்றுச் சொச்சம் பார்த்திருக்கிறேன் என்றேன். இயந்திரம் காட்டும் நிழலை எல்லாம் எழுத்து என்று நம்பினால் கல்வெட்டுப் படிக்க வராது, வேறு வேலை பார் என்றும் சொன்னேன். அவள் முகம் சுண்டிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மாலை வரும் வழியில் தோசை மாவு வாங்கினேன். புளித்துப்போயிருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

இன்வெர்ட்டர் ரசீதைத் தேடப்போய் என் வீட்டுக்காரர் என் பீரோவில் புடவைக்கடியில் இருந்த நாலு தாளை எடுத்துவிட்டார். மின்வாரியத்தில் இருந்தவர், எந்தக் காகிதத்தையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் வைப்பார். யாரிது தீர்த்தகிரி என்று கேட்டார்.

ஒரு தமிழ் வாத்தியார், கிறுக்கன், கல்லைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கடிதம் எழுதுகிறவன் என்றேன்.

"கிறுக்கன் எழுதின மாதிரி இல்லையே அனந்தமதி" என்றார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு ரசீதைத் தேடப் போனார்.

ஜனவரி 1999 தேதி போட்ட கடிதம். தமிழாசிரியர் ப. தீர்த்தகிரி, அரசு உயர்நிலைப் பள்ளி. எழுத்து ஒவ்வொன்றையும் பென்சிலால் வரைந்திருக்கிறார். கல் ஏரிக்கரையில் நின்றபோதே ஒன்பது முறை சைக்கிளில் போய்ப் பார்த்தாராம். 'அம்மா அவர்களுக்கு வணக்கம். மாலை நாலரை மணிக்கு வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு தெரிகிறது. உச்சி வெயிலில் தெரியாது. தாங்கள் காலையில் வந்து படியெடுத்ததால் கவனித்திருக்க முடியாது. தவறு யாருக்கும் நேரும். மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன்.'

இவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

முழங்கால் வலி. அரை நாள் லீவு.

ஆகஸ்ட் 1, வியாழன்

செயலியைச் சோதிக்க அரசு மகளிர் பள்ளியிலிருந்து முப்பது பெண்களை அழைத்து வந்தார்கள். ஏழாம் அறையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு டேப், பக்கத்தில் பழைய எழுத்துகளின் அட்டவணை. என்னைச் சிறப்பு விருந்தினர் என்று சொல்லி ஒரு மலர்க்கொத்தைக் கொடுத்து முன்னால் உட்காரவைத்தார்கள்.

கதிர்வேந்தன் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்லைத் திறங்கள், வெளிச்சத்தை நகர்த்துங்கள், படியுங்கள் என்றார். அவ்வளவுதான். கால் மணி நேரம் சத்தமே இல்லை. இந்தக் கூடத்தில் பள்ளிப் பிள்ளைகள் இவ்வளவு நேரம் ஒரு கல்லைப் பார்த்து நான் பார்த்ததில்லை. வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் தண்ணீர்க் குழாயைத் தேடுவார்கள். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

பிறகு ஒரு பெண் எழுந்தாள். இரட்டைச் சடை, வாயில் பல்லுக்குக் கம்பி. திரையைப் பார்க்காமல் நேராகக் கல்லைப் பார்த்தாள். "மிஸ், பலகைல மீட்டுன்னு போட்டிருக்கு. கல்லுல முன்னாடி கொம்பு இருக்கு. எது சரி?"

முப்பது தலையும் என் பக்கம் திரும்பின. நஸ்ரின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றேன். எனக்கு ஒரு போன் வரவேண்டியிருந்தது. எழுந்து என் அறைக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கதிர்வேந்தன் ஒரு கட்டுரையை அனுப்பியிருக்கிறார். பன்னாட்டு மாநாட்டுக்குப் போகிறதாம். கூடவே பத்திரிகைகளுக்கு ஒரு செய்திக்குறிப்பு. 'இருபத்தாறு ஆண்டுத் தவறைத் திருத்தியது தொழில்நுட்பம். மனிதக் கண்ணால் காண இயலாத எழுத்தை முதன்முறையாகக் கண்டது பேராசிரியர் கதிர்வேந்தன் குழு.' நஸ்ரின் பெயர் கடைசியில், உதவி செய்தவர்கள் வரிசையில், ஓட்டுநருக்கு முந்தைய இடத்தில் இருக்கிறது.

மதியம் நேரிலும் வந்தார். குரலில் தேன். "உங்க பேரை எங்கயும் போடல மேடம். 'முந்தைய வாசிப்பு'ன்னு மட்டும்தான் வரும். ரிட்டயர் ஆகப்போற நேரத்துல உங்களுக்குச் சங்கடம் வேணாம்னு பார்த்தேன்."

எனக்கு உபகாரம் செய்கிறார்.

மனிதக் கண்ணால் காண இயலாததாம். ஒரு வாத்தியார் சைக்கிளில் போய், மாலை வெயிலில் நின்று, வெறும் கண்ணால் பார்த்தார். இந்த ஆள் செய்தது என்ன? அந்த நாலரை மணி வெயிலை விளக்கில் செய்திருக்கிறார். அவ்வளவுதான். அதற்கு முதன்முறை என்று பெயர்.

ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. கோபம்தான் காரணம். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

வேறொன்றும் இல்லை என்று எழுதியது பொய். இது என் நோட்டு, இதை வேறு யாரும் படிக்கப்போவதில்லை. இதிலும் பொய் எழுதினால் என்ன மிச்சம்.

தீர்த்தகிரியின் கடிதம் வந்த மறுவாரம், 1999 பிப்ரவரியில், ஊழியர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான் 43-க்குப் போனேன். டார்ச்சைத் தரையோடு ஒட்டி வைத்துச் சாய்த்து அடித்தேன். கொம்பு இருந்தது. சந்தேகமே இல்லாமல் இருந்தது. பொரிவுக்கு அப்படி வளைவு வராது. விரலால் தடவிப் பார்த்தேன், உளி இறங்கிய தடம் கையில் பட்டது.

அடுத்த மாதம் காப்பாட்சியர் பதவிக்கு நேர்காணல். என்னிடம் இருந்த ஒரே கண்டுபிடிப்பு சாத்தன்தான். 'ஒரு பொம்பளைக்குக் கல்வெட்டு எதற்கு' என்று என் காதுபடவே பேசிய இரண்டு பேர் அந்தத் தேர்வுக் குழுவில் இருந்தார்கள். இதைக் காரணமாக இத்தனை வருஷம் எனக்கே சொல்லிவந்திருக்கிறேன். காரணம் உண்மைதான். அதனால் மட்டும் சரியாகிவிடுமா?

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நான் பதில் எழுதாததால் அவர் அதையே கட்டுரையாக்கி வரலாற்றுக் கழக இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் அதை என் கருத்துக்கு அனுப்பினார். நான் இரண்டு வரி எழுதினேன். 'களப் பயிற்சி இல்லாதவரின் கற்பனை. வெளியிடத் தகுதியற்றது.' டார்ச் அடித்துப் பார்த்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நேர்காணலில் சாத்தனைப் பற்றித்தான் பேசினேன். வேலை கிடைத்தது.

கதிர்வேந்தன் கட்டுரை போய்விட்டால் என் பெயர் வராது. தீர்த்தகிரி பெயரும் வராது. அவர் பார்த்தார் என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி என் பீரோவில் இருக்கிறது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். மிட்டாய். முனிரத்தினம் வாழ்த்துச் சொன்னார். பக்கம் 31 பற்றி இதுவரை யாரிடமும் பேசவில்லை அவர். என்னிடமும் முன்போலப் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

பல்கலைக்கழகத்தில் கூட்டம். நீளமான மேசை. இயக்குநரகத்திலிருந்து துணை இயக்குநர், அந்தப் பக்கம் கதிர்வேந்தன், அவருடைய துறைத்தலைவர், நஸ்ரின், இந்தப் பக்கம் நான் மட்டும். செய்திக்குறிப்புக்கு ஒப்புதல் கேட்டார்கள். துணை இயக்குநர் பேனாவைத் திறந்துவிட்டார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு கடிதத்தைப் பாருங்கள் என்று சொல்லி, நாலு பக்கத்தையும் மேசை மேல் வைத்தேன். கதிர்வேந்தன்தான் முதலில் எடுத்தார். தேதியைப் பார்த்தார். பென்சில் படத்தைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியதை ஒரு கணம்கூடத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது வெறும் கடிதம்தானே மேடம். ஆய்வுலகம் இதை ஏத்துக்காது. முறையா இதழுக்கு அனுப்பி, மதிப்பீடு செஞ்சு வந்திருந்தா பரவாயில்ல" என்றார்.

"அனுப்பினார். தகுதியில்லைன்னு எழுதித் திருப்பினது நான்தான்."

துணை இயக்குநர் பேனாவை மூடினார். இத்தனை நாள் இந்தத் தாள் எங்கே இருந்தது என்று கேட்டார். ஜூலை மூன்று வரை கோப்பில் இருந்தது, பிறகு என் வீட்டில் என்றேன். ஏன் என்று கேட்டார். அதை மட்டும் சொல்லவில்லை.

என்னை நல்லவள் என்று யாரும் நினைக்கவேண்டாம். தீர்த்தகிரிக்காக நான் அங்கே போகவில்லை. அந்த ஆளுக்கு 'முதன்முறை' கிடைக்கக்கூடாது என்றுதான் போனேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மனசுக்கு இதமாக இருந்தது. படி இறங்குவதற்குள் அந்த இதம் போய்விட்டது.

வெளியே நஸ்ரின் நின்றிருந்தாள். அவளாவது ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன்.

"பொரிவுன்னு சொன்னீங்களே மேடம்" என்றாள். "அன்னைக்கு ரூமுக்குப் போய் என் கண்ணையே சந்தேகப்பட்டேன். ஆய்வை விட்டுடலாம்னு கைடுக்கு மெயில்கூட எழுதிட்டேன். உங்களுக்கு அப்பவே தெரியும், இல்ல?"

தெரியும் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 2, திங்கள்

எதிர்பார்த்தது வந்துவிட்டது. கோப்பிலிருந்து ஆவணத்தை அகற்றியது குறித்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. இருபது நாள் அவகாசம். ஓய்வூதியப் பேப்பர் அதுவரை நகராது.

செயலியில் 43-க்குக் கீழே இப்போது 'தொறு கொண்டு - வாசித்தவர் ப. தீர்த்தகிரி, தமிழாசிரியர், 1999. உறுதி செய்தவர் நஸ்ரின்' என்று வருகிறது. நஸ்ரின் பிடிவாதமாக நின்று போடவைத்தாளாம். முனிரத்தினம் சொன்னார். கதிர்வேந்தன் மாநாட்டுக் கட்டுரையை வேறு தலைப்பில் அனுப்பிவிட்டாராம். அந்த ஆள் எங்கே விழுந்தாலும் எழுந்துகொள்வார்.

43-க்குப் பக்கத்தில் 'மீட்டு' என்று என் வாசிப்பு இருந்த பலகையை நானே ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினேன். ஏழாம் அறைச் சுவரில் நாலு ஓட்டை இருக்கிறது. சிமென்ட் வைக்கவேண்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தீர்த்தகிரியின் ஊருக்குப் போனேன். இரண்டு பஸ் மாறவேண்டும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் இறந்து ஒன்பது வருஷம். மனைவி ருக்குமணி அம்மாள், எழுபதுக்கு மேல். வாசலில் உட்கார்ந்து துவரை புடைத்துக்கொண்டிருந்தார். அருங்காட்சியகத்திலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். தண்ணீர் கொடுத்தார். நான் பெயரைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாசித்ததுதான் சரி, இப்போது பிள்ளைகள் எல்லாரும் அவர் பெயரோடு படிக்கிறார்கள் என்று சொன்னேன். கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். அந்த அம்மாள் அந்தக் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் புஸ்தகத்துலருந்து திருப்பி அனுப்பிச்ச நாள்லருந்து இவரு எந்தக் கல்லாண்டையும் போவல" என்றார். "சைக்கிளக் கூட வித்துட்டாரு. பசங்க கேட்டா எனக்கு கண்ணு சரியில்லப்பான்னு சொல்லுவாரு. ஆனா ஒங்கள ஒரு வார்த்த சொல்ல வுடமாட்டாரு. நான் திட்டுனா, அந்தம்மாவுக்கு நெஜமாவே தெரியல ருக்கு, தெரிஞ்சா ஒத்துக்குவாங்க, படிச்சவங்கன்னு சொல்லிக்கினே இருப்பாரு. சாவுற வரைக்கும் அதான் சொன்னாரு."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெஜமாவே தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு போட்டிருப்பார்கள். அது அந்த அம்மாளின் முகத்திலேயே தெரிந்தது. தலையை ஆட்டினால் போதும்.

"தெரியும்மா" என்றேன். "பார்த்துட்டுத்தான் எழுதினேன்."

அவர் நகலை மடித்தார். இடுப்பில் செருகிக்கொண்டார். முறத்தை எடுத்துக்கொண்டு வாசற்படி ஏறினார்.

"அப்ப கெளம்புங்க. ரெண்டரை பஸ்ஸ வுட்டா அஞ்சு மணிக்குத்தான் அடுத்தது."

கதவைச் சாத்திவிட்டார். சத்தம் வராமல், மெதுவாகத்தான் சாத்தினார்.

செப்டம்பர் 18, புதன்

குறிப்பாணைக்கு விளக்கம் எழுதினேன். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பக்கம் 31 முதல் 34 வரை அகற்றியது ஏன். 'சரிபார்ப்பதற்காக எடுத்துச் சென்றேன், உரிய காலத்தில் ஒப்படைத்தேன்' என்று எழுதினால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று துணை இயக்குநரே போனில் ஜாடையாகச் சொன்னார். முதலில் அப்படித்தான் எழுதினேன். கிழித்துப் போட்டேன்.

வாசிப்பு தவறு என்று 1999 பிப்ரவரியில் எனக்குத் தெரியும் என்று எழுதினேன். தெரிந்தே ஒருவருடைய கட்டுரையைத் தகுதியற்றது என்று எழுதித் தடுத்தேன், அந்த வாசிப்பைச் சொல்லித்தான் இந்தப் பதவியைப் பெற்றேன் என்றும் எழுதினேன். யாரும் கேட்காத கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் பதில்.

முனிரத்தினத்தைக் கூப்பிட்டுத் தபாலில் சேர்க்கச் சொன்னேன். அவர் நின்றபடியே முழுக்கப் படித்தார். அதிகாரியின் கடிதத்தைப் பணியாளர் படிக்கக்கூடாது. நான் தடுக்கவில்லை.

"அனுப்பிடட்டுமா மேடம்?"

"எண் போட்டு அனுப்பிடுங்க."

அவர் பதிவேட்டைத் திறந்து, தேதி எழுதி, எண் போட்டு, கவரை ஒட்டினார்.